வெளுக்கக் கூடாத சட்டை

குழாயடியிலேயே கண்ணை மூடிக்கொண்ட என் அம்மாவுக்கு,

நேராக விஷயத்துக்கு வருகிறேன். எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது, உனக்கே தெரியும். அப்பாவின் உயிர் இப்போது ஒரு சட்டையில் இருக்கிறது. அந்தச் சட்டை ஒவ்வொரு தடவை துவைக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக வெளுக்கிறது. என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை அம்மா. கேட்பதற்கு உன்னை விட்டால் ஆளும் இல்லை.

நீ போன அன்றைக்கு நடந்ததிலிருந்து சொல்கிறேன். நீ பார்க்கவில்லையே. உனக்குக் கூறைப்பட்டைக் கட்டிப் பெட்டியில் வைத்தார்கள். கடைசியாக நீ உடுத்தியிருந்த சிவப்புச் சுங்குடி, அந்த நூல் சேலை, குழாயடியில் ஈரத்தோடு கிடந்தது. தகனம் முடிந்து நாங்கள் திரும்பி வந்தபோது பத்து காஜாவிலிருந்து வந்திருந்த சித்தி மஞ்சள் தண்ணீரோடு கேட்டிலேயே மறித்துக்கொண்டு நின்றார்.

"அப்படியே உள்ள போவாதீங்க! எல்லாத்தையும் அவுத்துத் தண்ணில போடு. எழவுத் துணி ஒண்ணு பாக்கி இருக்கக்கூடாது. அப்புறந்தான் வெளக்கு."

"மிசின்ல போட்டா ஒரே தடவையில முடிஞ்சிடும் லா சித்தி."

"எதையோ செய்யி. சீக்கிரம் செய்யி."

சீக்கிரம் என்றால் எனக்குச் சொல்லவா வேண்டும்? அப்பாவின் வெள்ளைச் சட்டைகள், உள்ளே போடும் சிங்லெட், வேட்டி, துண்டு, நாற்காலிகளில் விரித்திருந்த துணி, என் வேலைச் சட்டை, எல்லாவற்றையும் அள்ளிப் போட்டேன். உன் சேலையையும். நீ அதை எதோடும் சேர்க்காமல் தனியாகத்தான் அலசுவாய். அன்றைக்கு அது என் நினைவில் இல்லை. சுடுதண்ணீரைத் திருகிவிட்டு மூடியைச் சாத்தினேன்.

திறந்தபோது வெள்ளை என்று ஒன்றுமே இல்லை. பருத்தி அத்தனையும் சாயத்தைக் குடித்திருந்தது. துண்டுதான் அதிகம். சிங்லெட் பாலியஸ்டர், அதில் ஒட்டவே இல்லை. என் வேலைச் சட்டை பாதிக்குப் பாதி கலந்த துணி, பாதி நிறத்தோடு நிறுத்திக்கொண்டது. அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போன அன்று, "மச்சான், பண்டுங் தண்ணில குளிச்சிட்டு வந்தியா?" என்று கேட்டான் ஒருத்தன். உன் காரியம்கூட அப்போது முடிந்திருக்கவில்லை. அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பண்டுங் என்கிற அந்த ரோஸ் பாலின் நிறம்தான் அது, அப்படியே.

உன் சேலையை, உயிர் போகும்போது உடம்பில் இருந்த துணி வீட்டில் தங்கக்கூடாது என்று சொல்லிச் சித்தி காரியத்தன்று ஆற்றில் விட்டுவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் அப்பாவின் துணிகளை வாளியில் போட்டு பிளீச் ஊற்றினேன். தொழிற்சாலைகளின் குளிர்விக்கும் தண்ணீருக்குக் குளோரின் அளந்து போடுவதுதான் என் பிழைப்பு. எவ்வளவு, எவ்வளவு நேரம், எனக்குத் தெரியாதா? எல்லாம் பளிச்சென்று வெள்ளையாகிவிட்டன. அப்பா பின்கதவுப் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் உடம்பில் அப்போது போட்டிருந்த ஒரு அரைக்கைச் சட்டையும், துவைக்கும் கூடையின் அடியில் கிடந்த துண்டும் மட்டும் தப்பின.

செவ்வாய்க்கிழமை டயாலிசிஸ். காரைக் கிளப்பிவிட்டு, மடித்த வெள்ளைச் சட்டையை நீட்டினேன். வாங்கித் தரையில் போட்டார்.

"அரிக்குதுடா."

சிறுநீரகம் போனவர்களுக்குத் தோல் அரிக்கும், அது நோயோடு வருவது. அதனால் நம்பினேன். நம்பியதோடு நிற்பேனா? சவுக்காரத்தூள் மிச்சம் ஒட்டியிருக்கும் என்று மறுபடி மறுபடி அலசினேன். கடைசித் தண்ணீரில் வேலையிடத்துப் பரிசோதனைத் தாளை முக்கிப் பார்த்தேன், குழாய்த் தண்ணீர் போலத்தான் காட்டியது. துணியை மென்மையாக்கும் திரவத்தை நிறுத்தினேன். பாலியஸ்டர் எதையும் அவர் பக்கம் கொண்டுபோகவில்லை. ஈப்போவுக்குப் போய் மெல்லிய பருத்திச் சட்டைகள் புதிதாக வாங்கி வந்தேன். ஒன்றைப் போட்டுக்கொண்டு கேட் வரைக்கும் வந்தார். அங்கேயே கழற்றிக் காரின் மேல் வீசிவிட்டுத் திரும்பி நடந்தார்.

செவ்வாய் போயிற்று. வியாழனும் போயிற்று. கால் இரண்டும் வீங்கி, படுத்தால் மூச்சு முட்ட ஆரம்பித்தது. ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து தூக்கியபோது எந்தச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார் தெரியுமா? அந்த ஒரு ரோஸ் சட்டையை. அவசரப் பிரிவில் டாக்டர் என்னைத்தான் திட்டினார். "இன்னொரு தடவை இப்படி விட்டா, அதுக்கு அப்புறம் நீங்க கூட்டிட்டு வரவே வேணாம்," என்றார்.

அதற்குப் பிறகு அந்தச் சட்டையைப் போட்டால் மட்டும் வருகிறார். பழைய துணி, இழை இளகியிருக்கும், அதனால் உறுத்தவில்லை போலிருக்கிறது என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். நல்ல விளக்கம். அறிவியலாகக்கூட இருந்தது.

பிறகு ஒரு சனிக்கிழமை, டயாலிசிஸ் நிலையத்தில் நர்ஸ் கோமதி மிஸ்ஸி ஊசி குத்திக்கொண்டே அவரைச் சீண்டினார். எல்லாரையும் சீண்டுவது அவர் வழக்கம்.

"என்ன அங்கிள், எப்பப் பாத்தாலும் ரோஸ் கலரு! பொண்ணு பாக்கப் போறீங்களா?"

அப்பா சட்டையின் நுனியை இழுத்துவிட்டுக்கொண்டார். "பாத்தாச்சு," என்றார்.

நீ போனதற்கு அப்புறம் அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. மிஸ்ஸி சிரித்தார். பக்கத்துக் கட்டிலில் இருந்த சீனப் பெரியவர்கூட, ஒன்றும் புரியாமலே, சிரித்தார். நான் வெளியே வந்து காருக்குள் உட்கார்ந்தேன். ஏர்கோன் போடக்கூடக் கை போகவில்லை. பருத்தியாவது, பாலியஸ்டராவது! அவர் துணியைத் தொட்டே பார்க்கவில்லை அம்மா. உன் சேலையின் நிறத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறார்.

தெரிந்துகொண்டதால் எதுவும் தீரவில்லை. இன்னும் மோசமாகிவிட்டது. ஊசியை எடுக்கும்போது சில நாள் ரத்தம் சொட்டிவிடுகிறது. வேர்வை வேறு. துவைக்காமல் போட்டுக்கொண்டு போனால் மிஸ்ஸி விடமாட்டார், ஊசி போட்ட இடத்தில் கிருமி ஏறிவிடும். ரத்தக் கறைக்குச் சுடுதண்ணீர் ஆகாது, கறை இழையிலேயே இறுகிவிடும். கறையை எடுக்கும் மருந்து ஊற்றினால் கறையோடு நிறமும் போகும். வெறும் பச்சைத் தண்ணீரில் அலசினாலும் வாளியில் லேசாக ரோஸ் இறங்குகிறது. அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றுவதற்குள் எனக்கு என்னவோ ஆகிவிடுகிறது.

சாயத்தைப் பிடித்து நிறுத்தும் மருந்து ஒன்று இருக்கிறது. வாங்கி அந்தத் துண்டில் போட்டுப் பார்த்தேன். சாயம் நின்றது. ஆனால் நிறம் பழுப்படித்துப் போயிற்று. அப்பா அந்தத் துண்டை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பிறகு கால் துடைக்கும் இடத்தில் போட்டுவிட்டார். சட்டையில் அதைப் போட எனக்குத் துணிச்சல் இல்லை.

அப்புறம் ஒரு யோசனை வந்தது. ஈப்போ லிட்டில் இந்தியாவில் சேலைக் கடை ஒன்றில் ஏறி, சிவப்புச் சுங்குடி வேண்டும் என்றேன்.

"இத எடுங்க தம்பி. கியாரண்டி சாயம். எத்தன தடவ தொவைச்சாலும் போவவே போவாது."

"போற சாயம் இருக்கா அண்ணே?"

"என்னது?"

"சாயம் போகணும். நல்லாப் போகணும்."

கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கல்யாணம் ஆச்சா தம்பி?" என்றார். இல்லை என்றேன். "ஆகாது," என்று சொல்லிவிட்டுச் சேலையை மடிக்க ஆரம்பித்தார்.

கடைசியில் செமோர் சந்தையில், தரையில் விரித்து விற்ற ஒருத்தியிடம் கிடைத்தது. ஈரக் கையால் தொட்டாலே விரல் சிவந்தது. சந்தோஷமாக வாங்கிக்கொண்டு வந்தேன். மறுநாள் காலையில், அப்பா தூங்குகிறார் என்று நினைத்து, குழாயடியில் சுடுதண்ணீரில் அதை ஊறவைத்தேன். வாளி ரத்தம் மாதிரி ஆயிற்று. சட்டையைக் கையில் எடுத்தேன்.

"யாரு சேலைடா அது?"

பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"புதுசுப்பா. சும்மா, கலர் கொஞ்சம் ஏத்தலாம்னு."

"சட்டையக் குடு."

கொடுத்தேன். உதறிப் பார்த்துவிட்டு, மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"அதக் கீழ ஊத்து. எவளோடதோ எனக்கு எதுக்கு?"

நான் கத்திவிட்டேன் அம்மா. அக்கம்பக்கம் கேட்டிருக்கும். "வெளுத்துடும்பா! நான் எதப் போட்டுத் தொவைச்சாலும் அது வெளுத்துடும்! அப்புறம் எதப் போட்டுக்கிட்டு வருவீங்க?"

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"ஒங்கம்மா தொவைக்கிறப்ப பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்? அது போய்க்கிட்டேதான் இருக்கும்." ஏதோ பஸ் நேரம் பேசுவது போலச் சொன்னார். "இது வெளுக்குற வரைக்கும் வாரேன். அதுக்கப்புறம் என்னை இழுக்காத. சரியா?"

நான் சரி சொல்லவில்லை. சேலைத் தண்ணீரை மட்டும் ஊற்றினேன்.

டாக்டரிடம் சொன்னேன். மனநல ஆலோசகரிடம் அனுப்பினார். அந்த அம்மாவிடம் அப்பா மழையைப் பற்றியும் டூரியான் விலையைப் பற்றியும் பேசிவிட்டு, கைகூப்பிவிட்டு எழுந்து வந்துவிட்டார். சித்தியோ, "ஒரு சேலைய நெனச்சு உசுர விடுவாரா மனுசன்? சும்மா பேசுறாரு," என்று போனில் சொன்னார். பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம்தான் கேட்டது. சேலையை ஆற்றில் விட்டது அவர் கைதானே.

சொல், இது என்ன நியாயம்? உன் சாயம் போக எவ்வளவு நாள் ஆகும் என்று உனக்காவது தெரியுமா? எந்தத் தண்ணீரில் எவ்வளவு என்ன இருக்கிறது என்று நான் அளந்து சொல்லிவிடுவேன். இதற்கு அளவே இல்லை. அவரைக் கட்டி இழுத்துக்கொண்டு போகவா? முகம் மலர்ந்து ஒரு தடவை சிரித்தாரே, அதற்கும் வழியில்லாமல் செய்யவா? அவர் சொல்வது சரிதானோ என்றுகூடச் சில நேரம் தோன்றுகிறது. உடனே காறித் துப்பவேண்டும் போலவும் இருக்கிறது.

போன சனிக்கிழமை கழுத்துப்பட்டிக்குக் கீழே வெள்ளை தெரிய ஆரம்பித்திருக்கிறது. அவரும் பார்த்திருப்பார். எப்போதும் திறந்திருக்கும் மேல் பொத்தானையும் போட்டுக்கொண்டு வந்து காரில் ஏறினார்.

அதனால் இதை மட்டும் சத்தியமாகச் சொல்கிறேன். அந்தச் சட்டை இனி மிசின் பக்கம் போகாது. ரத்தம் பட்ட இடத்தை மட்டும் பச்சைத் தண்ணீரில் விரலால் தேய்ப்பேன். மீதியைத் தேய்க்காமல், முறுக்காமல், முக்கி எடுப்பேன். உள்பக்கத்தை வெளியே திருப்பி, வெயில் படாமல் மின்விசிறிக் காற்றில் காயவைப்பேன். அவசரக்காரன் நான், அவசரப்படமாட்டேன். அவர் உன்னிடம் வருவதை என்னால் நிறுத்த முடியாமல் போகலாம். ஆனால் எவ்வளவு மெதுவாக அனுப்ப முடியுமோ, அவ்வளவு மெதுவாகத்தான் அனுப்புவேன். நீயும் அவரைக் கூப்பிடாமல் இரு.

உன் சொல்லை ஒரு நாளும் கேட்காத,
உன் ஒரே மகன்
கதிர்