அமுதாவின் போனில் ஒரு குழந்தையின் அறை

என் பின்னால் பிறந்து எனக்கு முன்னால் போய்விட்ட அமுதா கண்ணுக்கு,

அக்கா எழுதுகிறேன். இத்தனை நாள் எழுதாததற்குக் கோபிக்காதே. மாங்காய் சீசன் இப்போதுதான் முடிகிறது. மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் நின்றே வேலை செய்து கணுக்கால் இரண்டும் வீங்கிக் கிடக்கின்றன. வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் குளித்தாலும் அந்தப் புளித்த இனிப்பு வாடை உடம்பை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. சோறு கூட மாம்பழமாக வாசனை அடிக்கிறது. எதிர்வீட்டில் சும்மா கொடுத்தாலும் இப்போது எனக்கு மாம்பழம் வேண்டாம்.

உன் போன் என்னிடம்தான் இருக்கிறது. திவ்யா திருப்பதி காலேஜில் உன் ஊர் நம்பரைத்தான் கொடுத்திருக்கிறாள், அதனால் அதையே வைத்துக்கொண்டேன். ஆனால் அது என்னைப் படுத்திய பாடு உனக்குத் தெரியாது. திவ்யா ஹாஸ்டலிலிருந்து கூப்பிட்டால் மணி அடிக்கும். பச்சையைத் தேய்த்தால் திரை அப்படியே நின்றுவிடும். அங்கே அவள் ‘பெரிம்மா, பெரிம்மா’ என்று தவித்துக்கொண்டிருப்பாள், இங்கே நான் கல் மாதிரி கிடக்கும் போனைத் தட்டிக்கொண்டிருப்பேன். இடம் இல்லை, இடம் இல்லை என்று அது தினமும் முறையிட்டது. யாரிடம் முறையிடுகிறது? எனக்கே ஒதுங்க இடமில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை திவ்யா குடிபாலாவுக்கு வந்திருந்தாள். மதியம் சாப்பிட்ட பிறகு போனை அவள் மடியில் போட்டேன்.

“இத்த ஒரு வழி பண்ணு கண்ணு. இல்லனா தூக்கிப் போட்டுடறேன்.”

அவள் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள். “இன்னா பெரிம்மா இது? சந்தை மாதிரி கீது. இத்தினி ஆப்பு எதுக்கு?”

“எனக்கு இன்னா தெரியும்? எல்லாம் உங்கம்மா போட்டது.”

அவள் சிரிப்பு நின்றது. உன்னைப் பற்றிப் பேச்சு வந்தால் அப்படித்தான். நீ குவைத்துக்குப் போனபோது அவளுக்கு மூன்று வயது. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை ஒரு சூட்கேஸோடு வந்து போகிற ஒருத்தியாகத்தான் அவளுக்கு உன்னைத் தெரியும். அவள் மேல் குற்றமில்லை. உன் மேலும் இல்லை. உன் வீட்டுக்காரர் போன பிறகு, சொந்தமாக ஒரு சாண் நிலம் இல்லாத நம் குடும்பத்தில் வேறு யார் என்ன செய்திருக்க முடியும்? அந்த வருஷங்களில் நம் தெருவிலேயே வீட்டுக்கு ஒருவர் விமானம் ஏறிக்கொண்டிருந்தார்.

ஒவ்வொன்றாக எடுத்தோம். அரபியில் தொழுகை நேரம் சொல்கிற ஒன்று. நீ வேலை செய்த வீட்டுக்கு மளிகை வரவழைக்கிற ஒன்று. நீ தெலுங்கில் பேசினால் அரபியில் திருப்பிச் சொல்கிற ஒன்று. கேக் சுடுகிற விளையாட்டு, பூனைக்குச் சட்டை போடுகிற விளையாட்டு. அவற்றை நீ விளையாடியிருக்க மாட்டாய் என்று அப்போதே எனக்குத் தோன்றியது, ஆனால் சொல்லவில்லை. முகத்தை வெள்ளையாக்குகிற ஒன்றைப் பார்த்து மட்டும் இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். சிலது போகவே இல்லை. “இதெல்லாம் போனோடவே வந்தது பெரிம்மா, எடுக்க முடியாது” என்றாள்.

பிறகு நீல நிறத்தில் ஒரு சின்னம் வந்தது, நடுவில் கண் மாதிரி. பல மாதமாக டிங் டிங் என்று கத்திக்கொண்டிருந்தது அதுதான். பேட்டரிக்காகக் கத்துகிறது என்று நினைத்து நான் தேய்த்துத் தள்ளிக்கொண்டே இருந்தேன்.

திவ்யா அதைத் திறந்தாள். ஒரு அறை தெரிந்தது. மேலே மூலையிலிருந்து பார்க்கிற மாதிரி. சின்னக் கட்டில், சுவரில் மேகம் வரைந்த காகிதம், தரை முழுக்க பொம்மைகள். கட்டிலில் ஐந்து வயது இருக்கும் ஒரு பெண்குழந்தை, சுருட்டை முடி, தட்டை மடியில் வைத்துக்கொண்டு பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது. போட்டோ இல்லை, அமுதா. அந்த நிமிஷம் குவைத்தில் நடந்துகொண்டிருப்பது. நீ சமையலறையில் வேலை செய்யும்போது குழந்தையைப் பார்த்துக்கொள்வதற்காக அவர்கள் போட்டுக் கொடுத்த கேமரா. நீ போன பிறகும் அது மூடப்படவில்லை. குழந்தை தூக்கத்தில் புரண்டால் கூட உன் போன் டிங் என்றிருக்கிறது.

“நூரா” என்றேன் நான். உன் வாயில் கேட்ட பெயர்தான்.

திவ்யாவின் முகம் கறுத்தது. “எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரில எங்கம்மா இத்தயேதான் பாத்துக்கினு இருந்துச்சு. நான் பக்கத்துல உக்காந்துக்கினு இருக்கறேன், அது போன பாத்து சிரிச்சிக்கினு கீது. ஏதோ சினிமா பாக்குதுன்னு நெனச்சேன். ஒருநாள் எட்டிப் பாத்தேன்.”

“ஏன்டி என்கிட்ட சொல்லல?”

“சொல்லி? எனக்கு ஒரு நாளாவது சோறு ஊட்டிச்சா? அந்தப் பொண்ணுக்குப் பொறந்ததுலேர்ந்து ஊட்டிச்சு.”

தை மாதம் லீவுக்கு வந்தாய். இரண்டு மாதத்தில் திரும்பிப் போவதாகச் சொல்லித்தான் வந்தாய். வயிற்றுவலி என்று திருப்பதி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனவள் நடந்து வெளியே வரவில்லை. அவளுக்கு ஊட்டிவிட உனக்கு நேரம் எங்கே இருந்தது?

“எடுத்துடறேன் இத்த” என்று அவள் ஆத்திரத்தோடு திரையை அழுத்தினாள். விரல் எங்கேயோ பட்டிருக்கிறது. பேசுகிற பொத்தான் அது. எங்கள் குரல் அந்த அறையில் கேட்டுவிட்டது.

குழந்தை சட்டென்று தலையைத் தூக்கியது. தட்டைக் கீழே வைத்தது. கட்டிலிலிருந்து இறங்கி, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, கேமராவுக்கு நேராக வந்து நின்றது. திரை முழுக்க அதன் முகம்.

“அம்முதா?”

திவ்யா பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை.

“அம்முதா, வா.” பிறகு கையிலிருந்த பிஸ்கட்டை நீட்டியது. “துன்னு கண்ணு. துன்னு.”

நம் பேச்சு, அமுதா. ஆந்திரா ஓரத்து நம் குடிபாலா பேச்சு, அப்படியே. படித்தவர்கள் யாராவது கேட்டால் சிரிப்பார்கள் என்று நீயே கூச்சப்படுவாயே, அந்தச் சொல். அந்தப் பெரிய வீட்டில் உட்கார்ந்து யாருக்கும் தெரியாமல் அந்தக் குழந்தைக்கு நம் தமிழைச் சொல்லிக் கொடுத்திருக்கிறாய். சொல்லியா கொடுத்தாய்? உன் வாயில் வந்ததைத்தான் அது பிடித்துக்கொண்டது.

திவ்யாவைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. நீ ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவளுக்குப் போன் செய்தால் முதல் பேச்சு ‘துன்னியா கண்ணு?’ என்பதுதான். அவள் ‘ஆங்’ என்று ஒரு எழுத்தில் பதில் சொல்லிவிட்டுப் போனை என்னிடம் தள்ளுவாள்.

திவ்யா போனை முகத்துக்கு அருகே கொண்டுபோனாள். உதடு கோணிக்கொண்டு வந்தது. பிறகு மெதுவாகச் சொன்னாள்:

“துன்னுட்டேன் கண்ணு. நீ துன்னு.”

குழந்தை காதைத் திருப்பிக் கேட்டது. குரல் வேறு என்று அதற்குத் தெரிந்துவிட்டது போல. முகத்தைச் சுளித்தது. ஆனால் நாற்காலியை விட்டு இறங்கவில்லை.

அதற்குள் கதவைத் திறந்துகொண்டு ஒரு பெண் ஓடி வந்தாள். நீ அடிக்கடி சொல்வாயே, ராயச்சோட்டி லட்சுமம்மா, உன்னோடு அந்த வீட்டில் வேலை செய்தவள், அவள்தான். “எவரு? எவரு மாட்லாடேதி?” என்று, பேசுவது யார் என்று தெரியாமல் பதறினாள்.

நான் போனை வாங்கி, எனக்கு வந்த தெலுங்கில், அமுதாவின் அக்கா பேசுகிறேன் என்றேன். அவள் அப்படியே கட்டிலில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். உன் சாவுச் செய்தி அந்த வீட்டுக்குப் போய்விட்டதாம். ஆனால் குழந்தைக்கு யாரும் சொல்லவில்லை. அமுதா ஊருக்குப் போயிருக்கிறாள், வருவாள் என்றே சொல்லி வைத்திருக்கிறார்கள். தினமும் சாப்பாட்டு வேளையில் அது கேமராவைப் பார்த்துப் பார்த்துப் பேசுமாம். நீ கேட்டுக்கொண்டிருக்கிறாய் என்று அதற்கு நம்பிக்கை.

“பாப்பக்கி ஏமி செப்பாலி அக்கா?” என்றாள் லட்சுமம்மா. குழந்தைக்கு என்ன சொல்ல?

நான் களைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன். பொய் சொல்லச் சொல்லியிருக்கலாம். அதுதான் சுலபம். பக்கத்தில் திவ்யா இருந்தாள். வருவாள் வருவாள் என்று அவளுக்கும் நான் எத்தனையோ வருஷம் சொல்லியிருக்கிறேன். அப்போது அது பொய்யும் இல்லை, நிஜமும் இல்லை. அவள்தான் முந்திக்கொண்டு தெலுங்கில் சொன்னாள்: “எங்கம்மா இனிமே இல்லன்னு சொல்லிடுங்க. காத்துக்கினு இருக்கறது எப்டி இருக்கும்னு எனக்குத் தெரியும். அவங்கம்மாவையே சொல்லச் சொல்லுங்க.”

உள்ளே இப்படி ஒரு பெரிய மனுஷி இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது, அமுதா. நான் வளர்த்த பிள்ளைதான், எனக்கே தெரியாது.

இரண்டு நாள் கழித்து உன் மேடம், நூராவின் அம்மா, போன் செய்தார். திவ்யா இன்னும் ஹாஸ்டலுக்குத் திரும்பவில்லை. காய்ச்சல் என்று சொல்லிக்கொண்டு என்னோடுதான் படுத்துக் கிடந்தாள். மேடம் கோபப்படுவார், கேமராவில் பார்த்ததற்கு ஏதாவது வம்பு வரும் என்று பயந்தேன். அவர் கோபப்படவில்லை. திவ்யா இங்கிலீஷில் பேசினாள். குழந்தையிடம் சொல்லிவிட்டார்களாம். அது அழவில்லையாம். கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டதாம். சாயங்காலம் வரை வெளியே வரவே இல்லையாம்.

“உங்களப் பத்தி அமுதா அதிகமா சொன்னதில்ல, இவ்ளோ பெரிய பொண்ணு இருக்குன்னு எனக்குத் தெரியாதுன்னு சொல்றாங்க பெரிம்மா” என்று போனைக் கையால் மூடிக்கொண்டு என்னிடம் சொன்னாள் திவ்யா.

“நீ இன்னா சொன்ன?”

“நூராவப் பத்தி எங்ககிட்டயும் அதிகமா சொன்னதில்லன்னேன்.”

இரண்டு வீட்டையும் ஒன்றுக்கொன்று தெரியாமல் தனித்தனியாகத் தூக்கிக்கொண்டு எப்படித்தான் நடந்தாயோ. உனக்குக் களைப்பே தெரியவில்லையா? தெரிந்திருக்கும். யாரிடம் சொல்லியிருப்பாய்?

கடைசியில் திவ்யா, அந்த ஆப்பை நானே எடுத்துவிடுகிறேன், உங்கள் வீட்டை இனி நாங்கள் பார்க்க மாட்டோம் என்று மேடத்திடம் சொன்னாள். போனை வைத்ததும் எடுத்தாள். திறந்து கடைசியாக ஒரு முறை பார்க்கட்டுமா என்று நான் கேட்கவில்லை. கேட்க ஆசை இருந்தது. அது அடுத்த வீட்டுக் குழந்தையின் அறை. நீ இருந்தவரை உனக்குத் திறந்த கதவு, எங்களுக்கு அல்ல.

போன் இப்போது ஒழுங்காக எடுக்கிறது. டிங் சத்தம் இல்லாமல் வீடு வெறிச்சென்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அன்று மத்தியானம் திவ்யா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டே கேட்டாள். “பெரிம்மா, எங்கம்மா சிரிச்சா எப்டி இருக்கும்? சத்தமா சிரிக்குமா?”

சின்ன வயதில் நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாய் என்றேன். அதற்குப் பிறகு? அவள் கேட்கக் கேட்க என்னிடம் பதில் தீர்ந்துபோனது. உன் வயதில் பாதி எனக்கும் தெரியாது, அமுதா. அது அந்த வீட்டில் கழிந்துவிட்டது.

லட்சுமம்மா தீபாவளிக்கு லீவில் வருகிறாளாம். திவ்யாவே அவளிடம் பேசி வைத்துவிட்டாள். என் கால் வீக்கம் வடிந்தாலும் வடியாவிட்டாலும் சரி, நாங்கள் இருவரும் பஸ் ஏறி ராயச்சோட்டிக்குப் போகிறோம். அவள் வீட்டில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து, நீ எப்படி இருந்தாய் என்று கேட்டுக்கொண்டு வருகிறோம். இது உன் அக்காவின் வாக்கு.

உன் பிள்ளைக்குப் பெரியம்மாவாக இருக்கிற,
உன் அக்கா சரோசா