பீமாவின் ஈரச் சட்டை

என் செல்ல அண்ணாவுக்கு,

உன் பீமா உயிரோடு இருக்கிறான். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மேலே படிக்காமல் என்னைத் திட்ட ஆரம்பித்துவிடுவாய்.

நீ போன பிறகும், சாயங்காலம் உன் ஆபீஸ் வண்டி வரும் நேரத்துக்கு அவன் வாலை ஆட்டிக்கொண்டு வாசற்கதவைப் பிறாண்டுகிறான். தெருமுக்கு வரை போய், மாதாப்பூர் வண்டியிலிருந்து யார் யாரோ இறங்கிப் போன பிறகுதான் திரும்புவான். மே மாத வெயில், பொழுது சாய்ந்து போகலாம் என்றால் கேட்பானா? பிடிவாதத்தில் அப்படியே நீதான்.

அதனால்தான் அவனுக்குக் குளிர்ச்சியான சட்டை தேடினேன். சிரிக்காதே. ஐஸ் பொட்டலம் சொருகுகிற ரகம் கனம், உருகினால் தீர்ந்தது. தண்ணீரில் நனைத்துப் பிழிந்து மாட்டுகிற ரகம் நம் வீட்டு ஏர்கூலர் மாதிரி, ஈரம் காயக் காய உடம்பு குளிரும். சென்னைப் புழுக்கத்தில் பலிக்காது, ஹைதராபாத்தின் வறண்ட காற்றுக்கு அதுதான் சரி. நெஞ்சும் வயிறும் மூடும்படி, வெளிர் நிறத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். அம்மா ஜாக்கெட் அளவெடுக்கும் டேப்பைக் கொண்டுவந்து அவன் மார்பளவு எடுத்தாள். ஆமாம், வீட்டுக்குள் நாய் வந்தால் நான் வெளியே போவேன் என்ற அதே அம்மா! ஆன்சைட் போன உன் சிநேகிதன் சுனில் அமெரிக்காவிலிருந்து வாங்கிவந்து கொடுத்தான்.

காலை ஷிஃப்ட் முடிந்து வந்து நானே நனைத்து மாட்டிக் கூட்டிப்போவேன். நேற்று மீட்டிங் இழுத்துவிட்டது. "நீயே கூட்டிட்டுப் போம்மா, சட்டையை மறக்காம போட்டு விடு" என்று போனில் சொன்னேன். ஆட்டோவில் வந்து முக்கில் இறங்கினால், வேப்பமரத்தடியில் அம்மாவின் காலடியில் பீமா சரிந்து கிடக்கிறான். நாக்கு தள்ளி, வாயோரம் நுரை. சட்டை மொரமொரவென்று காய்ந்திருந்தது, உள்ளே கம்பளி போர்த்தின சூடு. எனக்கு உயிரே போய்விட்டது.

"நனைக்கலையாம்மா?"

"நனைச்சேன்டி. ஈரமா அவன் மேல போட மனசு வரலை. காயவச்சு, இஸ்திரி போட்டு மாட்டிவிட்டேன்."

இஸ்திரி போட்டாளாம், அண்ணா!

"உனக்கென்ன பைத்தியமா?" என்று கத்தினேன்.

"உன் அண்ணனும் அன்னிக்கு மழையில நனைஞ்ச சட்டையோடதானே உக்காந்து சாப்பிட்டான். மாத்திட்டு வாடான்னு ஒரு வார்த்தை சொன்னேனா? தோசை வார்த்துப் போட்டுக்கிட்டே இருந்தேன். மறுநாள்தானே காய்ச்சல் வந்துச்சு."

நிமோனியா, கிருமி, சட்டையால் இல்லை என்று டாக்டர் எத்தனை முறை சொன்னார்! அம்மாவும் தலையாட்டினாளே. இத்தனை மாதமாக உன் சாவைத் தன் தலையில் போட்டுக்கொண்டு எனக்குச் சோறு போட்டிருக்கிறாள். பக்கத்திலேயே படுத்திருந்தும் எனக்கு எப்படித் தெரியாமல் போனது?

பழக்கடைக்காரர் ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து, "சொக்கா தீசேயண்டி அம்மா, நீள்ளு போயண்டி" என்று, சட்டையைக் கழற்றித் தண்ணீர் ஊற்றச் சொல்லி அவசரப்படுத்தினார். நான் சட்டையைக் கழற்றினேன். அம்மா வாளியையே பார்த்தாள். பிறகு முந்தானையை அதில் முக்கி, சொட்டச் சொட்ட அவன் வயிற்றின் மேல் விரித்தாள். "லே ரா பீமா, லே நான்னா" என்றாள். நீ அவனை எழுப்புகிற அதே தெலுங்கு. கறிகாய்க்காரரிடம்கூடத் தமிழிலேயே பேரம் பேசுகிறவள் அதை எப்போது கற்றாள்?

பீமா வாலை லேசாக அசைத்தான். ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றினார்கள். இப்போது கூலருக்கு முன்னால் தூங்குகிறான், அம்மா பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்திருக்கிறாள்.

அவன் தேறியதும் மூன்று பேருமாகவே முக்குக்குப் போவோம். சட்டையை நான் நனைப்பேன், அம்மா பிழிந்து அவள் கையாலேயே மாட்டட்டும். உன்னைக் கொண்டுபோனது ஈரம் இல்லை என்று தினமும் சொல்வேன், அவள் சும்மா தலையாட்டுவதை விட்டு ஒரு நாளாவது வாய்விட்டு அழும்வரை. இது சத்தியம், அண்ணா.

அந்த வண்டி நின்றால் பீமாவோடு சேர்ந்து இன்னும் எட்டிப்பார்க்கிற,
உன் தங்கை கீதா