கால் கிலோ என்று நம்பிய டீத்தூள்

கோவில்பதாகை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள வெற்றிச்செல்வனுக்கு நைனா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், உன் மனைவி அருள்மொழிக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை, மஸ்கட்டில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்கிறாய் என்று நினைக்கிறேன். தினமும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் என்றால் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள், எனக்கும் நாக்கு எழவில்லை, நாலு தடவை போனை எடுத்து எடுத்து வைத்துவிட்டேன். மளிகைக் கடை இஸ்மாயில் பாயின் தம்பி மகன் புதன்கிழமை மஸ்கட்டுக்கு வருகிறான், அவனிடம் வத்தலும் மோர்மிளகாயும் கொடுத்தனுப்புகிறோம், அதோடு இதையும் வைக்கிறேன். கூடவே இரண்டு காலி டீத்தூள் கவர் இருக்கும், குப்பை என்று தூக்கிப் போட்டுவிடாதே.

நம் தெருவில் சாக்கடைக்குத் தோண்டிய பள்ளத்தை ஒருவழியாக மூடிவிட்டார்கள், மேலே ரோடு போடவில்லை, அம்மா முழங்கால் வலியோடு அதில்தான் நடந்து போய் வருகிறாள். அது இருக்கட்டும், விஷயத்துக்கு வருகிறேன். நம் வீட்டுக்கு மாதம் மூன்று பாக்கெட் டீத்தூள், நீ ஸ்கூல் படிக்கும்போதிருந்தே அதுதான், ஒன்றாம் தேதி வாங்கினால் முப்பதாம் தேதி வரைக்கும் வரும். பொங்கலுக்கு அப்புறம் இருபத்தைந்தாம் தேதியே டப்பா காலியாக ஆரம்பித்தது. ரவையும் அப்படித்தான், எண்ணெயும் அப்படித்தான். அருள்மொழி ஞாயிற்றுக்கிழமை தோறும் வெள்ளானூரில் இருக்கும் அவள் அம்மாவைப் பார்க்கக் கட்டைப்பையோடு போகிறாள் என்பது உனக்குத் தெரியும். போன ஞாயிற்றுக்கு முந்தைய ஞாயிறு அவள் கிளம்பும்போது உன் அம்மா வாசலில் நிறுத்திப் பையைத் திறந்து பார்த்தாள். உள்ளே ஒரு பழைய புடவையும் முருங்கைக்காயும்தான் இருந்தது. அப்படியும் விடாமல், டீத்தூளு இன்னா கால் மொளச்சி உங்க அம்மா ஊட்டுக்குப் போவுதா என்று கேட்டுவிட்டாள். அருள்மொழி என் முகத்தைப் பார்த்தாள். நான் பேப்பரை மடிக்காமலே, ஸ்டாக் கம்மியாத்தான் கீது என்றேன். அம்மா கேட்டதை விட நான் சொன்னதுதான் அவளைக் கொன்றிருக்கும், ஏனென்றால் முப்பத்தோரு வருஷம் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஸ்டோர் கீப்பராக இருந்தவன் சொல்கிறேன் அல்லவா. அன்று சாயங்காலம் நீ போன் செய்தாய், அம்மா சொன்னாள், நீயும் அவளைக் கூப்பிட்டு எத்தினி நாளா குடுத்துக்கினு கீறே என்று கேட்டாய். மறுநாள் காலையில் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

அவள் போய் எட்டாம் நாள், உனக்கு வத்தல் கட்ட அம்மா பரணிலிருந்து மூட்டையை இறக்கினாள். டீத்தூள் கவரைக் கழுவிக் காயவைத்து அதில் வத்தல் போட்டு வைப்பது அவள் பழக்கம். அந்தப் பழைய கவர் புதுப் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது. அதே பச்சை, அதே உயரம், அதே விலை. கண்ணாடி போட்டு அடியில் இருக்கும் பொடி எழுத்தைப் படித்தேன், பழையதில் இருநூற்றைம்பது கிராம், புதியதில் இருநூற்றுப் பத்து. நம்பாமல் பாய் கடைத் தராசில் வைத்தும் பார்த்தேன். பாய் சிரித்தார். பொங்கலுக்கு அப்பால வர்ற சரக்கு எல்லாமே இப்டிதான் அண்ணாத்தே, நீ இப்பதான் பாக்கறியா, உன் மருமவ கிராம் பாக்காம ஒரு பொருளைத் தொட மாட்டாளே என்றார்.

அவர் சொல்லித்தான் எனக்கு ஞாபகம் வந்தது. தை மாதத்திலேயே அந்தக் கடையில் வைத்து அருள்மொழி என்னிடம், மாமா கவரு அதேதான், உள்ளதான் கம்மி பண்ணிட்டானுங்க, கிராமைப் பாருங்க என்றாள். ஸ்டோர்ல இருந்தவனுக்கே நீ சொல்லிக்குடுக்கறியா என்று நான் வாயை அடைத்துவிட்டேன். கம்பெனியில் ஆணி வந்தால்கூட எடை போட்டு வாங்கியவன், வீட்டில் பாக்கெட்டை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை வெள்ளானூருக்குப் போய் அவள் அம்மா எதிரிலேயே, தப்பு என் மேலதாம்மா என்று சொன்னேன். அவள் அழவும் இல்லை, சண்டை போடவும் இல்லை, பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். உன் அம்மா தன் தப்பு என்று வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் இனிமே மளிகை நீயே வாங்கியாம்மா என்று பையை அவள் கையில் கொடுத்தாள், அவளுக்கு வந்தது அவ்வளவுதான். நேற்று நானும் கூடப் போனேன். நூறு கிராம் என்ன விலை விழுகிறது என்று போனில் கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் எடுக்கிறாள், பெரிய பாக்கெட்டை விட இரண்டு சின்ன பாக்கெட் லாபம் என்று காட்டினாள், இருபது சதவீதம் அதிகம் என்று போட்டிருந்த பிஸ்கட்டை, மாமா இது முன்னாடி இருந்த எடைதான் என்று திருப்பி வைத்தாள். நீயும் அங்கே கவரின் பருமனைப் பார்த்து வாங்காதே, ரூமில் நாலு பேர் சேர்ந்து சமைக்கிறீர்கள், சாமான் சீக்கிரம் தீர்ந்தால் கூட இருப்பவனைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் எடையைப் பார்.

இப்போது ஒன்று சொல்ல வேண்டும். திரும்பி வந்த நாளிலிருந்து அருள்மொழி டீ குடிப்பதில்லை. எங்கள் இருவருக்கும் வேளை தவறாமல் போட்டுக் கொடுக்கிறாள், தனக்கு வெந்நீர் ஊற்றிக்கொள்கிறாள். ஏம்மா என்றால், வாணாம் மாமா, பழகிப் போச்சி என்கிறாள். போனில் சரி, சரி என்று இரண்டு வார்த்தைக்கு மேல் அவள் பேசுவதில்லை என்று நீயே என்னிடம் சொன்னாய். நான் சொன்னதை நான் திருப்பி வாங்கிக்கொண்டேன், நீ கேட்டதை நீதான் வாங்கிக்கொள்ள வேண்டும், அதை நான் போய்ச் சொல்ல முடியாது. கவர் இரண்டையும் பார்த்தபின் சாக்குச் சொல்லாமல் பேசு, என் மேல் பழியைப் போட்டாலும் பரவாயில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள், வெயிலில் வேலை என்றால் தண்ணீர் நிறையக் குடி. நீங்கள் இருவரும் குறையில்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும், அம்மாவும் இதையேதான் சொல்லச் சொன்னாள். மறந்துவிடாதே, என் நம்பருக்குப் பண்ணாதே, அவள் நம்பருக்குப் பண்ணு. அவள் டம்ளர் ஆறு நாளாக அலமாரியில் கவிழ்ந்தே கிடக்கிறது.

இப்படிக்கு,
உன் நைனா
துலுக்கானம்