அப்பா கார்புரேட்டர் வைத்த வண்டி

தக்கலை,
நவம்பர் 20.

அன்பு மகள் பெமிலாவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவருடைய கிருபையால் நானும் உன் தம்பி ஸ்டெனியும் சுகமாக இருக்கிறோம், நீயும் மருமகனும் குட்டி ஜாஸ்மியும் அந்தக் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் ஜெபிக்கிறேன். அப்பாவும் சுகம் என்று எழுத வந்த கை அப்படியே நின்றுவிட்டது மக்கா. இதைப் போனில் சொல்ல வழியில்லை, நீ கூப்பிடுகிற நேரம் அப்பா என் பக்கத்தை விட்டு நகருவதில்லை. கிழக்கு வீட்டு எபின் லீவு முடிந்து அயர்லாந்துக்குத் திரும்புகிறான், அவனிடம் இந்தக் கடிதமும் கொஞ்சம் முந்திரிக்கொத்தும் கொடுத்து விடுகிறேன். முந்திரிக்கொத்து சற்றுக் கருகிவிட்டது, அடுப்படியில் நின்றேனே ஒழிய என் நினைப்பு அங்கே இல்லை, குறை சொல்லாமல் தின்னு.

அக்டோபர் மழையில் உன் தம்பியின் லோடு வண்டி ரோட்டு வெள்ளத்தில் போய் நின்றுபோனது உனக்குத் தெரியும். பெட்ரோலில் ஓடுகிற அந்தச் சின்ன லாரியில் எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும், எப்போது தீப்பொறி வர வேண்டும் என்பதையெல்லாம் ஒரு கம்ப்யூட்டர் பெட்டிதான் தீர்மானிக்குமாம், தண்ணீர் புகுந்து அது செத்துப்போயிற்று. பழைய மாடல் என்று கம்பெனியில் புதுப் பெட்டிக்கு இன்று வா நாளை வா என்று அலைக்கழித்தார்கள். வடசேரி மார்க்கெட் லோடெல்லாம் கைவிட்டுப் போகிறதே என்று ஸ்டெனி தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். அப்போதுதான் அப்பா சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, “அந்தப் பெட்டியைக் களைஞ்சு போடு மக்கா, நான் கார்புரேட்டர் வச்சுத் தாறேன்” என்று சொன்னார்.

ஒர்க்‌ஷாப்பை மூடியதிலிருந்து அப்பா இருந்த இருப்பு உனக்குப் பாதிதான் தெரியும். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து சோறு போடவில்லையா என்று கேட்பார். பள்ளிக்கூடம் விடுகிற நேரமானால் வாசல் கேட் அருகில் போய் நின்று உன்னைத் தேடுவார். போன மாதம் போனில் உன்னிடம் பஸ் கிடைத்ததா என்று கேட்டார், நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அது தமாஷ் இல்லை மக்கா. அப்படி இருந்த மனிதர் எழுந்து வந்து பேசியதும் எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. ஸ்டெனியைக் கூட்டிக்கொண்டு பழைய சாமான் கடைக்குப் போய், உடைத்துப் போட்டிருந்த வேன் ஒன்றிலிருந்து பெட்ரோலுக்குக் கார்புரேட்டரும் தீப்பொறிக்கு டிஸ்ட்ரிபியூட்டரும் பார்த்து எடுத்து வந்தார். கார்புரேட்டர் எஞ்சினோடு பொருந்தாதபோது இடையில் வைக்க ஒரு தகடு கடைசல் பட்டறையில் சொல்லிச் செய்து வாங்கினார். டாங்கில் இருந்த பம்பு பெட்ரோலை வேகமாகத் தள்ளுமாம், கார்புரேட்டர் தாங்காதாம், அதையும் மாற்றினார். எனக்கு இதில் ஒரு மண்ணும் புரியாது, அவர் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருப்பேன், அவ்வளவுதான். கையெல்லாம் கிரீஸாக வந்து, “ஏட்டி, ஒரு சாயா போடு” என்று அதிகாரமாகக் கேட்பார். அந்த அதிகாரத்தைக் கேட்டு எத்தனை நாளாயிற்று.

வேலை பாதி ஆனபோது புதுப் பெட்டி வந்துவிட்டது. ஸ்டெனி அதைப் பிரிக்காமலே என் பீரோவுக்குள் சேலைக்கு அடியில் வைத்தான். என்னலே இது என்று கேட்டதற்கு, “இருக்கட்டும்மா. அப்பா நல்லாருக்காருல்லா, அது போரும். பெட்டி வந்ததைச் சொல்லாண்டாம்” என்றான். கார்புரேட்டரோடு புகை டெஸ்ட்டுக்குப் போனால் பாஸாகாது என்பது அவனுக்குத் தெரியும். தெரிந்தும் தன் வண்டியை அப்பா கையில் விட்டுவிட்டு, வேறொருவன் வண்டிக்குச் சம்பளத்துக்கு ஓட்டப் போனான். சின்ன வயதில் அவனை நீ எத்தனை தடவை முட்டாள் என்று திட்டியிருப்பாய், அவன் மனசைப் பார்த்தாயா.

இரண்டு வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை வண்டி ஸ்டார்ட் ஆனது. முதலில் இருமிற்று, கறுப்பாகப் புகை விட்டது, அப்பா ஸ்க்ரூவை இப்படியும் அப்படியுமாகத் திருப்பி, காதை வைத்துக் கேட்டு, மறுபடியும் திருப்பினார், பிறகு சீராக ஓட ஆரம்பித்தது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு நேரே உள்ளே போய்க் காணிக்கைக் கவரை எடுத்தேன். மறுநாள் ஆராதனையில் போதகர், ஜேசுதாஸ் குடும்பத்தார் சுகம் கிடைத்ததற்காகப் படைக்கும் ஸ்தோத்திரக் காணிக்கை என்று சபைக்கு நடுவே வாசித்தார். வெளியே வந்ததும் ஆளுக்கு ஆள் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவரும் சிரித்தபடி எல்லாருக்கும் கை கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து நான் மீன்குழம்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தேன். அப்பா வெள்ளை வேட்டியோடு போய் வண்டி பானெட்டைத் திறந்து பார்த்தார். ஸ்டெனி சர்ச் உடுப்போடு பக்கத்தில் நின்றான். அப்பா துணியில் கையைத் துடைத்துக்கொண்டு அவனைப் பார்த்து நல்ல மரியாதையாக, “வண்டி ரெடியாச்சு தம்பி. ஒங்க அப்பாகிட்ட சொல்லுங்கோ, வந்து எடுத்துட்டுப் போட்டும். இனி வழியில நிக்காது, பயப்படண்டாம்” என்றார். அவன் முகத்தை நேராகப் பார்த்துத்தான் சொன்னார். “செரி, சொல்லியேன்” என்று பதில் சொல்லிவிட்டு ஸ்டெனி அடுக்களைக்குள் வந்தான். வந்து என் தோளில் முகத்தை வைத்து அழுதான் மக்கா, கல்யாண வயசுப் பிள்ளை, சத்தம் வெளியே கேட்காமல் இருக்க என் முந்தானையை வாய்க்குள் வைத்துக்கொண்டு அழுதான். நான் அவனைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

அப்பாவை நாகர்கோவிலுக்குக் கொண்டுபோய்த் தலையில் ஸ்கேன் எடுத்தோம். போன நினைவு திரும்பாது, இனி வேகமாகக் கூடாமல் மாத்திரையில் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பழைய நினைவு கடைசியில்தான் போகுமாம், கையில் இருக்கிற தொழிலும் அப்படித்தானாம். எனக்கு ஆண்டவர்மேல் கோபம்தான், ஏன் மறைக்க வேண்டும். படைத்த காணிக்கையைத் திரும்பக் கேட்கவா முடியும். சபையில் இன்னும் ஜேசுதாஸ் சுகமாகிவிட்டார் என்றுதான் பேசிக்கொள்கிறார்கள், நானும் தலையாட்டிவிட்டு வருகிறேன். ஸ்டெனி அப்பா என்று கூப்பிட்டால் இப்போது அவர் மிரண்டு போகிறார். அதனால் தினமும் லோடு முடிந்து வந்ததும் வண்டியை முற்றத்தில் நிறுத்திவிட்டு, “ஆசானே, கொஞ்சம் பாக்கணும்” என்று வாடிக்கைக்காரன் மாதிரி கூப்பிடுகிறான். அவர் சந்தோஷமாக எழுந்து போய்ப் பார்க்கிறார். பெற்ற அப்பாவை அந்தப் பிள்ளை ஆசான் என்று கூப்பிடுவதைக் கேட்டுக்கொண்டுதான் நான் உலையில் அரிசி போடுகிறேன்.

உன் பெயர் மட்டும் இன்னும் அவர் வாயில் இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். ஜாஸ்மிக்குப் பள்ளி லீவு விடட்டும், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதே. கிறிஸ்துமஸுக்கு முன்னே ஒரு வாரமாவது வந்துவிடு, டியூட்டியில் கெஞ்சிக் கேள். வந்து நிற்கும்போது என்னைத் தெரியுதா அப்பா என்று மட்டும் கேட்காதே, அந்தக் கேள்விக்கு அவர் முகம் படுகிற பாட்டை என்னால் பார்க்க முடியவில்லை. நான் பெமிலா என்று நீயே முந்திச் சொல்லிவிடு. மருமகனிடம் பக்குவமாக எடுத்துச் சொல். வேளாவேளைக்குச் சாப்பிடு, நைட் டியூட்டி முடிந்து பட்டினியாகத் தூங்காதே, இரவு ஜெபத்தை விட்டுவிடாதே. ஆண்டவர் உன்னையும் உன் வீட்டையும் கண்மணிபோலக் காக்கட்டும்.

அப்பாவிடமும் ஒரு வரி எழுதச் சொல்லி இப்போது பேனாவைக் கொடுத்தேன். யாருக்கு என்றார். பெமிலாவுக்கு என்றேன். “அவா உள்ளதானே படிச்சிட்டிருக்கா, அவளுக்கு எதுக்குட்டி கடுதாசி? விளிச்சா வருவாளே” என்று பேனாவைத் திருப்பித் தந்துவிட்டார்.

கூப்பிடுகிறேன் மக்கா, வா.

உன் அம்மா,
ராகேல்