பதினோராவது மாடி வீடியோ

செம்பூர்,
மும்பை,
8 ஜூலை 2025

இசக்கிசெல்வி அவர்களுக்கு,

வணக்கம். என்னை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஒரு வாரத்துக்கு மேலாக உங்கள் ஆட்கள் ஊருக்கே என்னை அறிமுகப்படுத்திக்கொண்டிருக்கிறார்கள். இருந்தாலும் முறைக்குச் சொல்கிறேன். நான் பாகீரதி. இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை. டெலிவரி ரைடர்கள் யூனியன் பக்கத்தில் நீங்கள் போட்ட வீடியோவில், பதினோராவது மாடியில் கதவைத் திறந்துகொண்டு நின்று, படியில் உட்கார்ந்திருந்த ஒருவரை ஹிந்தியில் அதட்டுகிறாளே, அந்தப் பெண்.

அதட்டியது நான்தான். "இவ்வளவு லேட்டா வந்துட்டு இங்க உக்காந்தா எப்படி? சாமானைக் குடுத்துட்டுக் கிளம்புங்கோ" என்ற அர்த்தத்தில் சொன்னேன். வாட்ச்மேன் அவரை லிஃப்டில் விடவில்லை, அரிசி மூட்டையையும் எண்ணெய் டின்னையும் தூக்கிக்கொண்டு அவர் படியேறி வந்தார் என்பது உங்கள் வீடியோவைப் பார்த்துத்தான் தெரிந்தது. இறங்கும்போது தலைசுற்றி விழுந்து தோள் எலும்பு முறிந்ததும் அதில்தான் தெரிந்தது. அதற்காக மனசு கஷ்டப்படுகிறது. ஆனால் நான் எழுத வந்தது வேறு விஷயம்.

வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். நீங்கள் என்னை ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை. "நம்ம அண்ணனுக்கு நடந்ததப் பாருங்க" என்கிறீர்கள், அவ்வளவுதான். பார்த்தார்கள். அடுத்த நாளே என் பெயரையும் ஃபிளாட் நம்பரையும் யாரோ போட்டார்கள். அதை வைத்து இன்னொருவர் என் போன் நம்பரைத் தோண்டி எடுத்தார். எட்டாவது படிக்கும் என் பெண் ஷ்ருதியின் ஆண்டுவிழாப் படத்தைப் போட்டு, "இவ அம்மாதான் அது" என்று எழுதியிருக்கிறார்கள். கீழே வந்திருப்பதையெல்லாம் நான் இங்கே எழுத மாட்டேன். குழந்தை ஸ்கூலுக்குப் போக மாட்டேன் என்று அறைக்குள் உட்கார்ந்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஒருவன் வாசலில் வந்து நின்று போனில் படம் எடுத்தான். அவனை மட்டும் வாட்ச்மேன் லிஃப்டில் விட்டிருக்கிறான்.

போனை அணைத்து வைத்திருக்கிறேன். அதனால்தான் கடிதம். நீங்கள் பேசும் தமிழைக் கேட்டதால் தமிழில் எழுதுகிறேன். போலீஸுக்குப் போகலாம் என்கிறார் என் கணவர். அதற்கு முன் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். இத்தனை லட்சம் பேர் உங்கள் பேச்சைக் கேட்கிறார்கள். என் பெண் விஷயத்தில் அவர்களிடம் என்ன சொல்லப்போகிறீர்கள்?

இப்படிக்கு,
பாகீரதி வேங்கடசுப்ரமணியன்


தாராவி,
12 ஜூலை 2025

மேடம் அவர்களுக்கு,

வணக்கம். உங்க லெட்டர் யூனியன் ஆபீசுக்கு வந்து சேந்துச்சு. நா இங்க முனிசிபாலிட்டி ஸ்கூல்ல பத்தாவது வரைக்கும் தமிழ்ல படிச்சவ. பிழை இருந்தா பொறுத்துக்குங்க.

உங்க மக படத்தப் பத்தி நீங்க எழுதுனதப் படிச்சதும் ஆபீஸ்ல எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டுனேன். யூனியன் பக்கத்தப் பாத்துக்கிடுத மாரிக்கண்ணன் சொன்னான், "ஏக்கா, இப்பதான சூடு பிடிச்சிருக்கு. டெலிவரி கம்பெனிக்காரனே பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டிருக்கான். இந்த நேரத்துல போய் அந்தம்மாவுக்காகப் பேசுனா நம்ம ஆளுக என்ன நினைப்பாங்க?"

"அந்தப் புள்ள எட்டாவது படிக்குதுடா" ன்னேன்.

அன்னைக்குச் சாயங்காலமே லைவ் வந்தேன். தமிழ்லயும் ஹிந்திலயும் சொன்னேன். நீங்க போனை அணைச்சு வச்சிருக்கதால என்ன சொன்னேன்னு எழுதுதேன். "அந்தம்மா நமக்கு எதிரி இல்ல. டெலிவரிக்காரன் லிஃப்ட்ல ஏறக்கூடாதுன்னு எழுதி வச்சிருக்கானே, அந்த ரூல்தான் எதிரி. அவங்க வீட்டுக்குப் போனவன், போன் போட்டு ஏசுனவன், சின்னப்புள்ள படத்தப் போட்டவன், எவனும் எனக்காகச் செஞ்சேன்னு சொல்லாதீங்க. நா சொல்லல. படத்த இப்பமே எடுங்க. எடுத்துட்டு எனக்குத் தகவல் குடுங்க." நெறைய பேரு எடுத்துட்டாங்க. எடுக்காதவங்க பேர்ல புகார் போட்டு எடுக்க வச்சுக்கிட்டு இருக்கோம். என்னைய ஏசிட்டுப் போனவங்களும் நெறைய. போகட்டும்.

பழைய வீடியோவ எடுத்துட்டேன். உங்க முகத்தயும் குரலயும் மறைச்சு மறுபடி போட்டிருக்கேன். முழுசா அழிக்க மாட்டேன் மேடம். அழிச்சா நயினாரண்ணன் ஏறுன படியும் சேந்து அழிஞ்சிரும்.

போலீசுக்குப் போறதுன்னா போங்க. சாட்சி சொல்லணும்னா நானே வாரேன்.

ஒண்ணு சொல்லணும். கவர் மேல விலாசம் எழுதும்போது கை நின்னு போச்சு. உங்க லெட்டர்ல ஃபிளாட் நம்பர் இல்ல. ஆனா எனக்குத் தெரிஞ்சிருந்துச்சு. முன்னப்பின்ன தெரியாத ஒரு பொம்பளயோட வீட்டு நம்பர் எனக்கு மனப்பாடமா இருக்கு. அப்பதான் எனக்கு உறைச்சுது.

இப்படிக்கு,
இசக்கிசெல்வி


செம்பூர்,
19 ஜூலை 2025

இசக்கிசெல்விக்கு,

நலம். நீங்களும் நலம்தானே? மழையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு நலம் என்பது என்னவென்று எனக்குத் தெரியவில்லை, ஆனாலும் கேட்கிறேன்.

எதிர்வீட்டுப் பெண்ணின் போனில் உங்கள் லைவ்வைப் பார்த்தேன். ஷ்ருதியும் பின்னால் நின்று பார்த்தாள். "அம்மா, அந்த ஆன்ட்டிக்குக் கீழ எல்லாரும் கன்னாபின்னான்னு எழுதறா, அவ நிறுத்தவே இல்லையே" என்றாள். அன்றைக்குத்தான் அறையை விட்டு வெளியில் வந்து எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். வாசலில் வந்து நிற்பவர்கள் இப்போது இல்லை. போலீஸில் படத்தைப் பற்றி மட்டும் புகார் கொடுத்தோம். உங்கள் பெயரைக் கொடுக்கவில்லை.

உங்கள்மேல் எனக்குக் குறை இல்லாமல் இல்லை. வீடியோவைப் போடுவதற்கு முன்னாலேயே முகத்தை மறைத்திருக்கலாம். மறைப்பது சுலபம் என்று இப்போது பார்த்தாகிவிட்டது.

லிஃப்ட் விஷயமாக எங்கள் பில்டிங் செக்ரட்டரியிடம் போய்க் கேட்டேன். "எல்லா பில்டிங்லயும் இதானே மேடம் வழக்கம்" என்றார். லிஃப்ட் கதவுக்குப் பக்கத்திலேயே அந்த நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. தினம் அதன் முன்னால் நின்று லிஃப்டுக்காகக் காத்திருக்கிறவள் நான். ஆகஸ்டில் பொதுக்குழுக் கூட்டம் வருகிறது. அதில் எழுந்து பேசப் போகிறேன்.

இன்னொன்று. நயினார் அவர்களிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும். அதை வீடியோவாக எடுத்து உங்கள் பக்கத்தில் போடுவதாக இருந்தால் சம்மதம். முகத்தை மறைக்க வேண்டாம். உங்கள் யூனியனுக்கும் உபயோகமாக இருக்கும், எங்களையும் விட்டுவிடுவார்கள். என் கணவருக்கும் இதுதான் சரியென்று படுகிறது. யோசித்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
பாகீரதி


தாராவி,
26 ஜூலை 2025

அன்புள்ள பாகீரதி மேடத்துக்கு,

வணக்கம். பாப்பா வெளிய வந்து சாப்பிட்டதப் படிச்சு சந்தோசம். முகத்த முன்னாலயே மறைச்சிருக்கணும்ங்கிறது சரிதான். இனி எங்க பக்கத்துல அப்படித்தான். எவர் முகமா இருந்தாலும் கேட்டுட்டுத்தான் போடுவோம்.

மன்னிப்பு வீடியோ வேண்டாம். ஆபீஸ்ல எல்லாரும் குதிச்சாங்க, "அக்கா, இது பத்து மடங்கு ஓடும்" ன்னு. ஓடும்னு எனக்கும் தெரியும். ஆனா நீங்க பயந்துபோய்த் தாரீங்களா, மனசாரத் தாரீங்களான்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் இப்ப தெரியாது. மன்னிப்பு கேக்கணும்னா நேர்ல அண்ணன் வீட்டுக்குப் போங்க. யாரும் போனைத் தூக்க மாட்டாங்க, அதுக்கு நா பொறுப்பு. நானும் வர மாட்டேன். வந்தா அது யூனியன் காரியம் ஆயிரும்.

இனிமே எழுதுறதுதான் கஷ்டமான விஷயம். உங்க பேரும் ஃபிளாட் நம்பரும் எப்படி வெளிய போச்சுன்னு விசாரிச்சேன். வீடியோவுல அது இல்ல. அது இருந்தது நயினாரண்ணன் போன்ல, அந்த ஆர்டர்ல. அண்ணன் ஆஸ்பத்திரியில கெடந்தப்ப அந்த போனு எங்க ஆபீஸ் மேசைலதான் இருந்துச்சு. அன்னைக்கு ஆபீஸ்ல இருந்தவங்க கொஞ்சப் பேருதான். மாரிக்கண்ணன்ட்ட நேராக் கேட்டேன். மறைக்கல.

"வேற பேர்ல ஒரு கணக்குத் தொறந்து போட்டேன்க்கா. நம்ம பக்கத்துல போடல. யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரிஞ்சு போச்சுல்லா."

"நீ சொன்னாத்தான வெளிய தெரியும்?"

ஏழு வருசமா என் கூட நிக்கவன் மேடம். எனக்குக் காய்ச்சல்னா என் ஆர்டரயும் சேத்து ஓட்டுவான். யூனியன் ஆரம்பிச்சப்ப கொடி தச்சுக் குடுத்தது அவன் அம்மா. அன்னைக்கு முழுக்க வண்டி ஓட்டிக்கிட்டே யோசிச்சேன். சொல்லாட்டி ஒருத்தருக்கும் தெரியாது, அது நெசம். ஆனா நாளைக்கு நா லைவ்ல நின்னு "கம்பெனி எங்ககிட்ட எல்லா விவரத்தயும் மறைக்குது" ன்னு பேசணும். எந்த மூஞ்சிய வச்சுப் பேசுவேன்?

அதனால லைவ்ல சொல்லிட்டேன். "அந்த வீட்டு நம்பர் எங்க யூனியன் ஆபீஸ்ல இருந்துதான் போச்சு. பொறுப்பு தலைவிங்கிற முறைல என்னுது. அந்தக் குடும்பத்துகிட்ட யூனியன் மன்னிப்பு கேக்குது." மாரிக்கண்ணன் பேரச் சொல்லல. அவன் நம்பர் போட்டு உங்களுக்குச் செஞ்சத, நா பேரு போட்டு அவனுக்குச் செய்யக்கூடாது. பக்கத்தோட பாஸ்வேர்ட மட்டும் மாத்திட்டேன். அவன் ஆபீஸ் சாவிய மேசைல வச்சுட்டுப் போயிட்டான்.

மறுநாளே கம்பெனில இருந்து தகவல், பேச்சுவார்த்தைய ஒத்தி வச்சிருக்காங்களாம். எங்க மேலயே குத்தம் இருக்குல்லா, அதச் சொல்லித் தள்ளிப்போடுதாங்க. பரவால்ல. ரைடர் இல்லாம அவங்க ஒரு பொட்டலம் நகத்த முடியாது. திரும்பவும் கூப்பிடுவாங்க.

உங்ககிட்டத் தனியாவும் கேக்குதேன். மன்னிச்சுக்குங்க.

அன்புடன்,
இசக்கிசெல்வி


செம்பூர்,
11 ஆகஸ்ட் 2025

அன்புள்ள இசக்கிசெல்வி,

பதில் எழுத இத்தனை நாளானதற்குக் கோபித்துக்கொள்ள வேண்டாம். கோபத்தினால் இல்லை. உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு என் கணவர், "வெளில சொல்லாமலே இருந்திருக்கலாமே அவ" என்றார். அவர் ஆபீஸில் அப்படித்தான் செய்வார்கள். என் ஆபீஸிலும்தான்.

நயினார் வீட்டுக்குப் போய்வந்தேன். பஸ்ஸில் வந்து இறங்கி, வழி கேட்டுக்கொண்டே சந்துக்குள் நடந்தேன். அவர் மனைவி கோமதியம்மாள் கதவைத் திறந்தாள். யாரென்று தெரிந்ததும் உள்ளே கூப்பிடவில்லை. நான் நின்றுகொண்டே இருந்தேன். பிறகு அவர் உள்ளேயிருந்து, "வரச் சொல்லு" என்று குரல் கொடுத்தார்.

மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்பார், திரும்பி வந்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. "கோவம் இருந்துச்சும்மா. இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். லிஃப்ட்ல விடாதது வாட்ச்மேன். ஆனா வாசல்ல ஒரு மனுசன் மூச்சு வாங்கிக்கிட்டு உக்காந்திருக்கான். நீங்க ஒரு டம்ளர் தண்ணி தந்திருக்கலாம்" என்றார்.

"தந்திருக்கணும்" என்றேன். வேறு என்ன சொல்ல? அப்புறம் ஷ்ருதியைப் பற்றி விசாரித்தார். "புள்ள ஸ்கூலுக்குப் போவுதா? அது படத்தப் போட்டவனுவள எனக்குப் பிடிக்கல" என்றார். கிளம்பும்போது கோமதியம்மாள் பஸ் நிறுத்தம்வரை கூடவே வந்தாள். பஸ் வரும்வரை நின்றாள்.

நேற்று பொதுக்குழு. சேர்மன் எழுந்து, "அந்த வீடியோவால் நம் பில்டிங் பேர் கெட்டது. இப்போது அவர்களுக்கே லிஃப்டைத் திறந்துவிடுவதா?" என்றார். கை தட்டினார்கள். நான் எழுந்தேன். "பேர் கெட்டது பில்டிங்குக்கு இல்லை, எனக்கு. என் பெண்ணுக்கு. கெடுத்தவர்கள் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டுவிட்டார்கள். நம் நோட்டீஸால் ஒருத்தருக்கு எலும்பு முறிந்தது. நாம் என்ன செய்தோம்?" என்று கேட்டேன். கொஞ்சநேரம் ஒரே கூச்சல். கடைசியில் ஓட்டுக்கு விட்டார்கள். கொஞ்ச வித்தியாசத்தில்தான், ஆனால் ஜெயித்தோம். இரண்டு லிஃப்டிலும் யாரும் ஏறலாம். நோட்டீஸைக் கிழிக்கச் செக்ரட்டரி தயங்கினார். நானே கிழித்தேன்.

இதை நீங்கள் வெளியில் சொல்லிக்கொள்ளலாம். பில்டிங் பேரைப் போடுவதும் விடுவதும் உங்கள் இஷ்டம். போட்டால் எதிர்த்து ஓட்டுப் போட்டவர்கள் மறுபடியும் முறுக்கிக்கொள்வார்கள் என்று மட்டும் பயம்.

ஷ்ருதி ஸ்கூலுக்குப் போகிறாள். முதல் இரண்டு நாள் நான் கூடப் போனேன். மூன்றாம் நாள், "நீ வந்தாத்தான் எல்லாரும் பாக்கறா, வராதே" என்று சொல்லிவிட்டாள்.

என்னை மேடம் என்று எழுதாதீர்கள். வயதில் பெரியவள்தான். அக்கா என்றே எழுதலாம்.

அன்புடன்,
பாகீரதி


தாராவி,
20 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

இங்க எல்லாரும் சுகம். நயினாரண்ணனுக்குக் கட்டுப் பிரிச்சாச்சு. வண்டி ஓட்ட இன்னும் கொஞ்ச நாளாகும். நீங்க வந்துட்டுப் போனதப் பத்தி ஆபீஸ்ல அவர் ஒரு வார்த்தை சொல்லல. நானும் கேக்கல.

உங்க லெட்டர ஆபீஸ்ல வாசிச்சப்ப நீங்க நோட்டீஸ் கிழிச்ச எடத்துல எல்லாரும் சத்தம் போட்டுச் சிரிச்சாங்க. சந்தோசத்துலதான்.

கம்பெனிக்காரங்க திரும்பவும் கூப்பிட்டுட்டாங்க, வர்ற வாரம் பேச்சுவார்த்தை. லிஃப்ட் இல்லன்னா சாமான கீழ காவல்காரர்கிட்டயே குடுக்கலாம், அதுக்காக ரைடருக்குத் தண்டனை கூடாதுன்னு கேக்கப்போறோம். வாங்கிருவோம்.

மாரிக்கண்ணன் தனியாப் பக்கம் ஆரம்பிச்சிருக்கான். எங்களுதவிட வேகமா வளருது. நா பணக்காரங்க பக்கம் சாஞ்சிட்டேன்னு தெனம் ஒரு வீடியோ போடுதான். பதில் போடுங்கக்கான்னு ஆபீஸ் பிள்ளைக நச்சரிக்காங்க. போட மாட்டேன். நேரா அவன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா டீ போட்டுத் தந்தாங்க. "திரும்ப வாறியாடா?" ன்னேன். "இல்லக்கா" ன்னான். "சரி, யூனியன் மெம்பர் கார்டு உன்கிட்டயே இருக்கட்டும்" ன்னுட்டு வந்தேன். வருத்தந்தான். ஆனா அவன்கூடச் சண்டைய நாலு லட்சம் பேரு பாக்க நடத்த மாட்டேன்.

உங்க சேதிய நேத்து போட்டேன். "செம்பூர்ல ஒரு பில்டிங்ல டெலிவரிக்காரங்களுக்கு லிஃப்ட் திறந்தாச்சு. அங்க உள்ள ஒரு அக்கா எழுந்து நின்னு பேசி வாங்கிக் குடுத்தாங்க." அவ்வளவுதான். இன்னைக்குக் காலைல இருந்து எந்த பில்டிங், எந்த அக்கான்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. ஒருத்தருக்கும் சொல்லல. தெனம் அந்த லிஃப்ட்ல ஏறிப் போற எங்க ஆளுகளுக்குத் தெரியும். மத்தவங்களுக்கு என்னத்துக்கு?

பாப்பாவுக்கு என் அன்பு.

உங்கள் தங்கை,
இசக்கிசெல்வி