முழுக்கக் கேட்காத பாட்டு

2025 மார்ச் 7, வெள்ளி

பட்டியல் போய்விட்டது. மூன்று புதுப் பாட்டு, ஒவ்வொன்றையும் ஏன் கேட்க வேண்டும் என்று இரண்டு வரி. மட்டக்களப்பில் பறையோடு கீபோர்ட் வாசிக்கும் மூன்று பெண்கள், கொட்டாஞ்சேனையில் ஒரு கராஜுக்குள் பதிவு செய்த குழு, கிட்டார் மட்டும் வைத்துக்கொண்டு மீன்பிடிப் பாட்டுப் பாடும் ஒருவர். என்னுடைய ‘புதுக் காது’ வட்ஸ்அப் குழுவில் இப்போது நூற்றெண்பத்தாறு பேர். வெள்ளிக்கிழமை பத்து மணி தாண்டினால் “அக்கா, லிஸ்ட் எங்க?” என்று கேட்கிறார்கள். இந்த வீட்டில் என்னைத் தேடுவது தேத்தண்ணிக்கு மட்டும்.

மூன்றையும் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுத்தான் கேட்டேன். மாமா, என் புருஷனின் அப்பா, ஒக்டோபரில் காலமானார். ஒரு வருஷம் போய் ஆட்டைத் திவசம் முடியும்வரை வீட்டில் பாட்டுக் கூடாது என்பது மாமியின் சட்டம். தேவாரம் மட்டும் போகலாம். இயர்போனும் கூடாதாம். “காதிலை வயரோடை திரியிறதை ஆக்கள் கண்டா என்ன சொல்லுவினம்?”

ஆக்களுக்குக் குறைவில்லை. கொழும்பு வெள்ளவத்தையில் இந்த ஒரு அடுக்குமாடிக் கட்டடத்திலேயே சொந்தக்காரர் ஆறு வீடு. துக்கம் விசாரிக்க யாரும் வரலாம் என்று எங்கள் கதவு பகல் முழுக்கத் திறந்தே கிடக்கிறது. ஐந்து மாதமாகியும் வருகிறார்கள்.

மார்ச் 12, புதன்

மாமி குளியலறைக் கதவைத் தட்டினா. “பிள்ளை, வருத்தமோ? ஒரு மணித்தியாலமா உள்ளுக்கை நிக்கிறீர்.”

வயிறு சரியில்லை என்றேன். அதற்குத் தண்டனையாக மூன்று வேளையும் ஓமத் தண்ணி.

மார்ச் 28, வெள்ளி

காலி வீதியில் பஸ் ஏறி, கொள்ளுப்பிட்டி வரை போய், அடுத்த பஸ்ஸிலேயே திரும்பி வந்தேன். நாலு பாட்டு நிம்மதியாகக் கேட்டேன். சந்தைக்குப் போனதற்கு ஆதாரமாகக் கையில் ஒரு பிடி வல்லாரைக் கீரை.

“வல்லாரை வெள்ளவத்தையிலை இல்லையோ?” என்றா மாமி. பிறகு, “இனி நானும் வாறன். வீட்டிலை தனிய இருக்க ஏலாது.”

பஸ்ஸும் போச்சு.

என் புருஷன் ஜனா தோஹாவிலிருந்து போன் எடுத்தார். சொன்னேன். “ஒரு வருஷம்தானே அனு, பொறுத்துக்கொள்ளும். அம்மா பாவம்.” மாமியோடு இருக்க வேலையை விடச் சொன்னபோதும் இதே குரல், இதே ‘பாவம்’. அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போது அவருடைய அறையில் பின்னால் பாட்டுப் போய்க்கொண்டிருந்தது. செத்தது அவருடைய அப்பா! எனக்கு வந்த ஆத்திரத்துக்குப் போனை வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 14, திங்கள்

வருடப்பிறப்பு. எங்களுக்கு இல்லை. எதிர்க் கட்டடத்தில் காலையிலிருந்து பாட்டு. நிலம் துடைத்துக்கொண்டே காது கொடுத்தேன். எல்லாம் பழசு.

ஏப்ரல் 25, வெள்ளி

பட்டியல் அனுப்பினேன். ஆனால் மனம் சரியில்லை.

மாமி இப்போது நிழல் மாதிரிக் கூடவே வருகிறா. பாமசியில் மாமியின் பிரஷர் மருந்துக் குளிசைக்கு வரிசையில் நின்றபோது மட்டும் அவவைக் கதிரையில் இருத்திவிட்டு, தலைமயிருக்குள் ஒரு காதை மறைத்துக்கொண்டு கேட்டேன். அப்புத்தளைப் பக்கத்துப் பாடகர் வேலுசாமி என்பவருடைய புதுப் பாட்டு. தப்புப் பறை மெதுவாக, நெஞ்சில் தட்டிக்கொடுக்கும் அளவில். அதன் மேல் ‘ஆராரோ’. என்ன குரல்! ஒன்றரை நிமிடம் போயிருக்கும், எங்கள் முறை வந்துவிட்டது.

மூன்று தடவை முழுக்கக் கேட்காத பாட்டைப் போடுவதில்லை என்பது நானே எழுதி வைத்த விதி. இந்த ஒருமுறை. “குழந்தையை நித்திரையாக்கும்போது போடுங்கள், நீங்களும் தூங்கிவிடுவீர்கள்” என்று எழுதினேன். அரை மணித்தியாலத்தில் முப்பது இதயம் விழுந்தது.

ஏப்ரல் 27, ஞாயிறு

மாளிகாவத்தைப் பஹ்மிதா குழு தொடங்கிய நாளிலிருந்து இருக்கிறா. நேரில் கண்டதில்லை. நான் போடுகிற ஒவ்வொரு பாட்டையும் கேட்டுவிட்டு என்ன தோன்றியது என்று எழுதுகிற ஒரே ஆள். இன்று குரல் பதிவு வந்தது, எனக்கு மட்டும்.

“அனுஷியா, அத நீங்க முழுசாக் கேட்டுத்தான் போட்டீங்களா? தங்கச்சி நிப்லாட சின்னப் புள்ள மவுத்தாகி நாப்பது நாளும் ஆகல்ல. அவட மூத்தவன தூங்க வைக்கத்தான் நான் போட்ட. அவளும் பக்கத்துல ஈந்தா. பாதிக்குப் பொறகு… நிப்லா நேத்துலேந்து சுவரப் பாத்துட்டே ஈக்கிறா.”

பிள்ளை செத்த வீட்டில் என் பாட்டு. அவவின் போனில் இரண்டு நீலக் கோடும் விழுந்திருக்கும். நான் கேட்டுவிட்டேன் என்று அவவுக்குத் தெரியும்.

ஏப்ரல் 28, திங்கள்

பாட்டின் கீழே ஆட்கள் எழுதியிருந்ததை வாசித்தேன். நாலாவது நிமிடத்தில் அது ஒப்பாரியாக மாறுகிறதாம். மண்சரிவில் போன பிள்ளைக்குத் தாய் பாடுவது. ஏழு நிமிடப் பாட்டு. நான் கேட்டது ஒன்றரை.

மாமியைச் சாட்டலாமா? ஜனாவை? பாமசிக்காரனை? அவையளோ எழுதினவை? நான்தானே எழுதினனான். தூங்கிவிடுவீர்களாம் — சீ.

பஹ்மிதாவுக்கு மூன்று முறை எழுதி மூன்று முறையும் அழித்தேன். முழுக்கக் கேட்காமல் மன்னிப்பு எப்படிக் கேட்பது? குழாயைத் திறந்துவிட்டு, செத்த பிள்ளையின் பாட்டை ஒளித்துக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

மே 1, வியாழன்

காலை பத்து மணி. மாமி மாமாவின் படத்துக்குப் பூ மாற்றிவிட்டுக் கதிரையில் இருந்தா. நான் போய் நின்றேன்.

“மாமி, நான் ஒரு பாட்டுக் கேக்கப் போறன். ஏழு நிமிஷம். சத்தமாத்தான்.”

“இந்த வீட்டிலையோ?”

“ஓம்.”

ஏன் என்று முழுவதையும் சொன்னேன். குளியலறையை, பஸ்ஸை, பாமசியை, நிப்லாவை. மாமி என்னைப் பார்க்கவில்லை, படத்தையே பார்த்துக்கொண்டிருந்தா. பிறகு எழும்பினா. அறைக்குள் போய்விடுவா என்றுதான் நினைத்தேன். போய் வெளிக் கதவைச் சாத்தினா. யன்னலையும் சாத்திவிட்டு வந்து இருந்தா.

“போடும்.”

நாலாவது நிமிடத்தில் தப்பு நின்றுவிடுகிறது. தாலாட்டில் வந்த அதே சொற்கள்தான், ஆனால் குரல் உடைந்து, ஒவ்வொரு வரி முடிவிலும் பிள்ளையை எழும்பச் சொல்லிக் கேட்கிறது. மாமாவின் உடலைப் பொரளையில் மலர்ச்சாலையில் வைத்து, அங்கிருந்தே சுடலைக்குக் கொண்டுபோனோம்; வீட்டில் ஒப்பாரி இல்லை. வருகிறவர்களுக்குக் கும்பிட்டுக்கொண்டு, லேஞ்சியால் கண்ணை ஒற்றிக்கொண்டு நின்ற மாமியைத்தான் எனக்குத் தெரியும். இன்று வாய்விட்டு அழுதா. நானும் அழுதேன். யாருக்கு என்று தெரியவில்லை.

முடிந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டா: “இதையோ பிள்ளை, குழந்தையை நித்திரையாக்கப் போடச் சொன்னனீர்?”

“ஓம் மாமி.”

“அந்தப் பிள்ளை பஹ்மிதாவுக்கு உண்மையைச் சொல்லும்.”

பின்னேரம் சொந்தக்கார நிமலா மாமி மேல் வீட்டிலிருந்து இறங்கி வந்து, பகலில் ஏன் கதவு பூட்டிக் கிடந்தது என்று விசாரித்தா. “தலையிடி” என்றா மாமி. கதவு மறுபடி திறந்துகொண்டது. ஆட்டைத் திவசத்துக்கு இன்னும் ஐந்து மாதம்.

மே 2, வெள்ளி

பஹ்மிதாவுக்கு உண்மையைச் சொல்லி எழுதினேன். பார்த்துவிட்டா. பதில் இல்லை. வராமலும் போகலாம், கேட்க எனக்கு உரிமையில்லை.

இன்றைய பட்டியலில் ஒரே ஒரு பாட்டு. அனுப்பியதை இங்கே எழுதி வைக்கிறேன்:

“போன கிழமை போட்ட வேலுசாமியின் பாட்டையே திரும்பப் போடுகிறேன். அன்று நான் ஒன்றரை நிமிடம்தான் கேட்டிருந்தேன். முழுக்கக் கேட்டதாக உங்களை நம்ப வைத்தேன். மன்னியுங்கள். இது குழந்தையை நித்திரையாக்கும் பாட்டு இல்லை. நாலாவது நிமிடத்திலிருந்து ஒப்பாரி. கேட்கலாம், ஆனால் தனியாகக் கேட்க வேண்டாம். நான் என் மாமியோடு கேட்டேன்.”