சஞ்சீவனின் பீட் விளைச்சல்

உக்குவளை,
செவ்வாய் காலை.

அன்பு மகன் சஞ்சீவனுக்கு,

அம்மன் புண்ணியத்தில் இங்கே நானும் உன் சித்தியும் வீட்டுக் கூரையும் நலம். அங்கே ருமேனியாவில் நீயும், உன் அறையில் உன் சத்தத்தைச் சகித்துக்கொண்டு கிடக்கும் மூன்று பேரும் நலமாக இருக்க வேண்டும், குறிப்பாக அந்த மூன்று பேர். அப்பா இல்லாத பிள்ளையை ஏழு வயதிலிருந்து வளர்த்த மனிசன் கடிதத்தை இப்படியா தொடங்குவது என்று சித்தி பின்னால் நின்று முணுமுணுக்கிறாள், அவளுக்குக் காது கொஞ்சம் மந்தம், உன் இசையை அவள் முழுதாக அனுபவிக்கவில்லை. வாட்ஸ்அப் இருக்கும்போது கிழவன் ஏன் முத்திரை ஒட்டுகிறான் என்று கேட்பாய். நீ அனுப்பிய முதல் பீட்டைக் கேட்டு, கோயில் தேர்ச்சில்லுக்குள் பிளாஸ்டிக் வாளி அகப்பட்டதுபோல் இருக்கிறது என்று குடும்பக் குழுவில் ஒரு சின்ன உண்மையை எழுதினேன், நீ குழுவையும் விட்டுப் போனாய், என் இலக்கத்தையும் தடுத்துவிட்டாய். எனக்கு மிச்சம் இருப்பது தபால் கந்தோர் ஒன்றுதான்.

வீட்டிலிருந்து ஹிப் ஹொப் பீட் செய்யப் பழகுகிறவனுக்கு எந்த மென்பொருள் நல்லது என்று எட்டு மாதமாக ஆராய்ந்து, ஏழு மென்பொருளை ஒப்பிட்டு நீ சித்திக்கு அனுப்பிய அட்டவணையைப் பார்த்தேன். மாத்தளைக் கச்சேரி என்கிற அரசாங்கக் கந்தோரில் முப்பத்துநாலு வருடம் கோப்பு நகர்த்தியவன் நான், ஒரு காணிப் பிணக்கை இரண்டு தலைமுறைக்கு இழுத்த பெருமை எனக்கு உண்டு, ஆனால் வேலையே செய்யாமல் இவ்வளவு அழகான அட்டவணை போட என்னால்கூட முடிந்ததில்லை. அதில் ஒன்றின் இலவசப் பதிப்பில் செய்ததைச் சேமிக்கலாம், திரும்பத் திறக்க முடியாது என்று எழுதியிருந்தாய், அது தெரியாமல் பதினொரு தரம் சேமித்தேன் என்றும் எழுதியிருந்தாய். முதல் தரம் விளங்கவில்லை என்றால் சரி. மற்றப் பத்துத் தரமும் என்ன நினைத்துச் சேமித்தாய் ராசா? இங்கே கலியாண வீடியோ வெட்டி ஒட்டும் கடை வைத்திருக்கும் ஸப்வானிடம் அட்டவணையைக் காட்டினேன், அவன் சிரித்த சிரிப்பில் கண்டி ரயில் ஐந்து நிமிடம் பிந்திப் போனது. பிறகு சொன்னான், பழகுறவருக்கு எதுவா இருந்தாலும் ஒண்டுதான் ஐயா, பதினாறு கட்டம், ஒரு பெரிய அடி, ஒரு சின்ன அடி, ஒரு கைதட்டு, சும்மா கிடைக்கிற ஒண்ட எடுத்துக்கிட்டு மத்தத எல்லாம் அழிக்கச் சொல்லுங்க என்று.

இனி முக்கிய விஷயம். வீட்டிலேயே பீட்டும் செய்றேன், ஒரு வருஷத்துல அதையே தொழிலாக்கிருவேன், தைக்குள்ள கலியாணத்தப் பேசி முடிங்க என்று நீ சித்தியிடம் சொன்னதைத் தூக்கிக்கொண்டு தம்புள்ளைக்குப் போனேன், நீ கட்ட நினைக்கும் சாம்பவியின் அப்பாவிடம் ஒரு எழுத்து மாறாமல் ஒப்புவித்தேன். மனிதர் மரக்கறி மொத்த வியாபாரி. தம்புள்ளைச் சந்தையில் பீட் என்றால் சிவப்பு பீட்ரூட் கிழங்கு, வேறு பொருள் கிடையாது. முகம் மலர்ந்துவிட்டது, வெளிநாட்டுக்குப் போயும் மண்ண மறக்காத பொடியன் என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. பனியிலும் வருடத்துக்கு மூன்று போகம் எடுக்கிறான், ஒரு கிழங்கைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும் என்று கொஞ்சம் உரமும் போட்டேன். சாம்பிள் ஒன்னு காட்டுங்க பாப்போம் என்றார். போனில் உன் பீட்டைப் போட்டேன். அரை நிமிடம் கேட்டவர், லொறியில பெல்ட் அறுந்துட்டுது போல என்று எழுந்து வெளியே ஓடிவிட்டார்.

தேத்தண்ணியோடு வந்த சாம்பவிதான் அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, அப்பா அது கிழங்கு இல்ல, பாட்டுக்குப் போடுற தாளம் என்று விளங்கப்படுத்தினாள். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் அவிந்துபோனேன். அவள் கோபப்படவில்லை, உன் அட்டவணையை வாங்கி மேலிருந்து கீழாக வாசித்தாள், எத்தன மாசமா மாமா இது என்றாள். எட்டு என்றேன். எட்டு மாசமா ஒரு சொப்ட்வெயார தெரிவு செய்ய ஏலாதவரு என்னைய எப்படி மாமா தெரிவு செஞ்சாரு, இல்ல என்னையும் ட்ரையலுக்குத்தான் எடுத்து வச்சிருக்காரா என்று கேட்டாள். நான் சிரிக்க வாயைத் திறந்தேன், மகனே, சிரிப்பு வரவில்லை.

அவள் தவணை சொல்லிவிட்டாள். முப்பது நாள். அதற்குள் ஒரே மென்பொருளில், மூன்று நிமிடம், தொடக்கமும் முடிவும் உள்ள ஒன்றை நீ அவளுக்கு அனுப்ப வேண்டும், நல்லதாக இருக்க வேண்டும் என்றுகூட அவள் கேட்கவில்லை, முடிந்திருக்க வேண்டும். வராவிட்டால் முப்பத்தோராம் நாள் அப்பா பார்த்து வைத்திருக்கும் மாப்பிள்ளைக்குச் சம்மதம் சொல்வாள். நான் அவருகிட்ட சொல்ல மாட்டேன், நீங்களே எழுதுங்க மாமா என்றாள். ஆகவே தினமும் உன்னோடு வழமைபோல் பேசுவாள், சாப்பிட்டீங்களா என்பாள், அங்கே குளிரா என்பாள், இதை மட்டும் சொல்ல மாட்டாள். வீட்டுக்கு வந்து சொன்னதும் சித்தி உனக்குச் சொல்லப் போன் எடுக்கப் போனாள், தடுத்துவிட்டேன்.

தவணை இன்றைக்குத் தொடங்குகிறது. தபால் கந்தோரில் நேற்றே விசாரித்தேன், ருமேனியாவுக்குக் கடிதம் போக இருபத்தைந்து நாளாகும் என்றார்கள். பாவி, கொலைகாரா என்று கத்தாதே. உன்னை வளர்த்தவன் நான். முப்பது நாளை முழுதாகக் கையில் தந்தால் இருபத்தைந்து நாள் எட்டாவது மென்பொருளைத் தேடி அட்டவணையில் சேர்ப்பாய், அந்த இருபத்தைந்தைத்தான் நான் தபால்காரனிடம் கொடுத்திருக்கிறேன். நீ வேலை செய்யக்கூடிய ஐந்து நாள் அப்படியே இருக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு, காதைக் குளிருக்கு மூடிக்கொள், அறையில் உள்ளவர்களிடம் மன்னிப்புக் கேள். அம்மன் உனக்கு நல்ல தாளமும், அது கிடைக்காவிட்டால் ஒரு முடிவாவது அருளட்டும். மறந்துவிடாதே, முடித்ததைச் சேமிக்குமுன் திறக்குமா என்று பார்.

இப்படிக்கு,
உன் மேல் உயிரையே வைத்திருக்கும், உன்னால் தடுக்கப்பட்ட,
சித்தப்பா ஆறுமுகநாதன்
(மாத்தளைக் கச்சேரியின் முன்னாள் பிரதம இலிகிதர், பீட் மொத்த வியாபாரி)